டெக்சஸில் இடுப்பில் துப்பாக்கி: யார், எங்கே, எப்படி?

டெக்சஸ் மாநிலத்தில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் கைத்துப்பாக்கியை எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு வெளியே போகலாம். லைசென்ஸ் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம். அதற்கு முன், 2016 ஜனவரி 1 தொடங்கி, லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மட்டும் இந்த உரிமை இருந்தது. அதற்கும் முன்பு லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்தே வைத்திருக்க வேண்டும். பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு நடமாடுவதையே 1871இல் பெரும்பாலும் தடைசெய்த மாநிலம் இது.

வயது விஷயத்தில் ஒரு திருத்தம் உண்டு. சட்டப் புத்தகத்தில் 21 என்றே இருக்கிறது. ஆனால் 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களை வயதை மட்டும் காட்டித் தடுக்க முடியாது என்று 2022இல் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீட்டைத் தொடராமல் விட்டுவிட்டது.

விசாவில் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலர் மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இங்கே யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்' என்று நினைக்கிறார்கள். இது ஆபத்தான நினைப்பு. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று குடியேற்றம் சாராத எந்த விசாவில் இருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது ஃபெடரல் சட்டம். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. எச்-1பியில் இருந்தபடி கிரீன் கார்டுக்காகப் பல வருடங்களாகக் காத்திருப்பவருக்கும் இதே தடைதான். கார்டு கைக்கு வந்தபிறகுதான் நிலைமை மாறும்.

முக்கியமான விதிவிலக்கு, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. அது இல்லாமல், நண்பர் கூப்பிட்டார் என்று சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் 'வைத்திருத்தல்' என்று கொள்ளப்படலாம். கணவனோ மனைவியோ குடியுரிமை பெற்றவராக இருந்து, வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது பூட்டிய பெட்டகத்தில் இருக்கட்டும். சாவியும் எண்ணும் விசாவில் இருப்பவரிடம் இருக்கவே கூடாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்தக் காரணமாகும். குடிமகனுக்கு ஓர் ஆண்டுச் சிறையோடு முடியும் வழக்கு, கிரீன் கார்டுக்காரரின் மொத்த வாழ்க்கையையும் புரட்டிப்போடும்.

எப்படி வைத்திருக்க வேண்டும்

கைத்துப்பாக்கி வெளியே தெரிந்தால் அது ஹோல்ஸ்டர் என்கிற உறையில் இருந்தாக வேண்டும். இடுப்பு உறையா தோள் உறையா என்ற பழைய கட்டுப்பாடு 2021இல் போய்விட்டது. பேன்ட் இடுப்பில் வெறுமனே செருகி, பிடி வெளியே தெரிய நடப்பது குற்றம். காரிலும் இதே விதிதான்: பக்கத்து இருக்கையில் கண்ணில் படும்படி போட்டிருந்தால் உறைக்குள் இருக்க வேண்டும். போதையில் இருக்கும்போது வெளியிடங்களில் கைத்துப்பாக்கி கூடவே கூடாது. கடந்த ஐந்து ஆண்டுக்குள் அடிதடி, மிரட்டல் போன்ற சில குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கும் லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப்போகும் உரிமை கிடையாது.

ரைஃபிள் கதை வேறு. நீளத் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துப்போக டெக்சஸில் லைசென்ஸ் முறையே இருந்ததில்லை. பிறரைக் கலவரப்படுத்தும் விதத்தில் காட்டக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. எது கலவரப்படுத்தும் விதம் என்பதை அந்த இடத்தில் நிற்கும் போலீஸ்காரரும் பிறகு நீதிமன்றமும்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குப்பதிவு நடக்கும் நாட்களில் வாக்குச்சாவடி, விமான நிலையத்தில் சோதனை தாண்டிய பகுதி, சிறை, குதிரைப் பந்தய மைதானம், வருமானத்தில் 51 சதவீதம் அல்லது அதற்கு மேல் மது விற்பனையில் வரும் பார் ஆகியவற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது. பாரின் வாசலில் சிவப்பு எழுத்தில் 51% என்ற பலகை இருக்கும். பல்கலைக்கழக வளாகத்தில் லைசென்ஸ் உள்ளவர் மறைத்து வைத்திருக்கலாம், வெளியே தெரியக் கூடாது. குடியுரிமை நேர்காணலுக்குப் போகிறவர்கள் கவனிக்க: குடிவரவு அலுவலகம் ஃபெடரல் கட்டடம். துப்பாக்கி உள்ளே போகக் கூடாது.

கடை, உணவகம், கோயில் நடத்துபவர்களுக்கு

உங்கள் இடத்தில் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது. சொல்லும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். துப்பாக்கிப் படத்தின் குறுக்கே கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது.

தண்டனைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள், மூன்று பலகைகள். 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களைத் தடுக்கும். 30.06 லைசென்ஸ் வைத்துக்கொண்டு மறைத்து எடுத்து வருபவரைத் தடுக்கும். 30.07 லைசென்ஸ் வைத்துக்கொண்டு வெளியே தெரிய எடுத்து வருபவரைத் தடுக்கும். வெளிப்படையாக யாரும் மாட்டிக்கொண்டு வரக் கூடாது என்பது மட்டுமே உங்கள் எண்ணமானால் 30.05, 30.07 இரண்டும் வேண்டும். கைத்துப்பாக்கியே வேண்டாம் என்றால் மூன்றும் வேண்டும்.

30.06, 30.07 பலகைகளில் சட்டத்தில் உள்ள வாசகத்தை அப்படியே எழுத வேண்டும், சொந்த வார்த்தை ஆகாது. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்க வேண்டும். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல், பின்னணியிலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும். 30.07 பலகை ஒவ்வொரு வாசலிலும் இருக்க வேண்டும். கார் நிறுத்தும் பக்கம் இருக்கும் பின்வாசலை மறந்தால், அந்த வழியாக வந்தவர்மேல் வழக்கு நிற்பது கடினம்.

பலகையை மீறி நுழைந்தவருக்கு 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் போகாவிட்டால் குற்றத்தின் தரம் ஏறும்: ஓர் ஆண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஆகவே பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு வாருங்கள்' என்று நிதானமாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வலு அதிகம். 2019 ஆகஸ்டில் எல் பாசோ வால்மார்ட்டில் 23 பேர் கொல்லப்பட்டபின், கடைக்குள் வெளிப்படையாகத் துப்பாக்கி எடுத்து வர வேண்டாம் என்று அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

லைசென்ஸ் இன்னும் எதற்கு?

கட்டாயம் இல்லையே தவிர, லைசென்ஸ் முறை அப்படியே இருக்கிறது. கட்டணம் 40 டாலர். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, 50 தோட்டா சுட்டுக்காட்டும் தேர்வு, கைரேகை. வாங்கிவிடுவதே நல்லது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். அந்த மாநிலத்தின் லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் பள்ளியை ஒட்டிய நடைபாதையில் போனாலே, மாநிலச் சட்டப்படி சரியாக நடந்தும் ஃபெடரல் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். புறநகரில் 1,000 அடிக்குள் பள்ளி வராத தெருக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எதற்காக இத்தனை சர்ச்சை

துப்பாக்கி கண்ணில் பட்டால் குற்றவாளி தயங்குவான், குடிமகனின் உரிமையை மறைக்கத் தேவையில்லை என்பது ஆதரவாளர்கள் வாதம். கூட்டத்தில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நொடியில் பிரிக்க முடியாது என்பது எதிர்ப்பவர்கள் வாதம். 2016 ஜூலை 7 அன்று டாலஸ் ஊர்வலத்தில் நடந்தது இந்த இரண்டாவது வாதத்துக்குச் சாட்சி. பதுங்கியிருந்த ஒருவன் ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றான். சட்டப்படி ரைஃபிள் மாட்டி வந்திருந்த பலர் சிதறி ஓடினார்கள். அவர்களில் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே வெளியிட்டது. அவர் தானாகத் துப்பாக்கியை ஒப்படைத்தார், குற்றமற்றவர் என்று தெரிந்தது. அதுவரை அந்தப் படம் ஊரெங்கும் சுற்றியது. பயிற்சிக் கட்டாயத்தை 2021இல் நீக்கியது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. சில மணி நேர வகுப்பு யாருடைய உரிமையையும் பறித்துவிடாது.

துப்பாக்கியோடு ஒருவரைப் பார்த்து 911 அழைக்க நேர்ந்தால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: துப்பாக்கி உறையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா. உறையில் இருப்பது மட்டும் டெக்சஸில் குற்றம் ஆகாது. கையில் இருந்தால், யாரை நோக்கி நீட்டியிருக்கிறார், எந்த வாசல் பக்கம் நிற்கிறார், என்ன நிறச் சட்டை என்பதைச் சொல்லுங்கள். உங்களிடமும் துப்பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். போலீஸ் வரும்போது அது உங்கள் கையில் இருக்கக் கூடாது.