கண்ணால் காண்பதும் பொய்: மானிட்டரில் நிறம் எப்படிச் சரியாகிறது

பார்த்துப் பார்த்துத் திருத்திய படம் அச்சில் கறுத்துப்போய் வந்தால், முதலில் திட்டு வாங்குவது பிரிண்டர்தான். பெரும்பாலும் அதன்மேல் தப்பிருக்காது. மானிட்டர் தேவைக்கு மேல் வெளிச்சமாக இருந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல மானிட்டர்கள் 250, 300 நிட் அளவில் பளிச்சென்று எரிகின்றன. அச்சுக்குப் போகும் படங்களுக்கு 80 முதல் 120 நிட் போதும் என்பது பொதுவான கணக்கு. நிட் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எத்தனை கேண்டெலா ஒளி வருகிறது என்ற அளவு. இரண்டு மடங்கு வெளிச்சமான திரையில் எந்தப் படமும் தூக்கலாகத் தெரியும். எடிட் செய்பவரின் கை தன்னையறியாமல் அதைக் குறைத்துக்கொண்டே போகும். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் இருப்பதைத்தான் அது திருப்பித் தரும். அங்கே படம் இருண்டுவிடுகிறது.

சரி, கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்துவிடலாமே? வெளிச்சத்தை அப்படி ஓரளவு இறக்கலாம். நிறத்தில் அது நடக்காது. மஞ்சள் பல்பின் கீழும் சரி, மேகமூட்டமான பகலிலும் சரி, ஒரே காகிதம் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியோ இரண்டு இடத்திலும் வேறு வேறு. எந்த நிறம் அதிகமாக வருகிறதோ அதை உணரும், கண்ணின் விழித்திரையில் உள்ள கூம்பு செல்கள் தம் உணர்திறனைக் குறைத்துக்கொள்கின்றன. மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது. நீலம் கூடிய மானிட்டர் முன் சில நிமிடம் உட்கார்ந்தால் அந்த நீலமே வெள்ளையாகிவிடும். இந்தப் பழக்கம் முழுசாகவும் நடப்பதில்லை என்பதுதான் இன்னும் தொல்லை. அறை விளக்கு ஒரு பக்கம் இழுக்கும், திரை ஒரு பக்கம் இழுக்கும், கண் நடுவில் எங்கோ நிற்கும். எங்கே நிற்கிறது என்று அந்தக் கண்ணுக்கே தெரியாது.

வெள்ளை மட்டும் பிசகியிருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். சாம்பல் பிசகுவதுதான் படத்தைக் கெடுக்கும். திரையில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரையான எண்ணாகத்தான் போகிறது; சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் சாம்பல் வரவேண்டும். 40, 40, 40 என்றால் அடர்ந்த சாம்பல். 200, 200, 200 என்றால் வெளிர் சாம்பல். திருத்தப்படாத மானிட்டரில் முதலாவதில் லேசாகப் பச்சையும் இரண்டாவதில் நீலமும் ஏறியிருக்கலாம். அப்போது ஒரே முகத்தில் நிழல் விழுந்த கன்னம் ஒரு சாயலிலும், வெளிச்சம் பட்ட நெற்றி இன்னொரு சாயலிலும் தெரியும். கண்ணால் இதைச் சரிக்கட்ட முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் எதிரே இருக்கும்போது அது எதற்கென்று பழகும்?

அதனால் எதற்கும் பழகாத ஒரு கண் வேண்டியிருக்கிறது. கலரிமீட்டர் அதுதான். உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதன் வயரில் இருக்கும் எடையை மானிட்டரின் பின்பக்கம் தொங்கவிட்டு, கருவியைத் திரையின் நடுவில் படியவைக்க வேண்டும். திரையை லேசாகப் பின்னால் சாய்த்துக்கொண்டால் வெளியொளி நுழைய இடுக்கு இருக்காது. மானிட்டர் அரைமணி நேரமாவது எரிந்த பிறகு மென்பொருளை ஓட்டினால், கருவியின் அடியில் நிறக்கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும்: கறுப்பு, பல படிகளில் சாம்பல், முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம். ஒவ்வொன்றையும் கருவி தன் வடிகட்டிகள் வழியாக அளந்து எண்ணாக்குகிறது. அந்த வடிகட்டிகள் சராசரி மனிதக் கண்ணைப் போல நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. யாருடைய சராசரி என்று கேட்டால் விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரையும் ஜான் கில்ட் 7 பேரையும் உட்காரவைத்து நிறங்களைப் பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். அந்த 17 பேரின் கண்களை வைத்து 1931இல் உருவான தரத்தை ஒட்டித்தான் இன்றைக்கும் திரைகள் அளக்கப்படுகின்றன.

அளந்த பிறகு நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள். பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தராசு எப்போதும் 50 கிராம் கூடக் காட்டுகிறது என்று வையுங்கள். முள்ளைத் திருப்பிச் சரியாக்கலாம். அல்லது "50 கிராம் கூடும்" என்று சீட்டு எழுதி ஒட்டிவைக்கலாம். முதலாவது கேலிபரேஷன். இரண்டாவது புரொஃபைல்.

கேலிபரேஷனில் நாம் இலக்கைச் சொல்கிறோம்: வெண்புள்ளி (எது வெள்ளை என்ற அளவு) டி65, அதாவது பகல் வெளிச்சம் போன்ற சுமார் 6500 கெல்வின்; காமா (எண் ஏறும்போது ஒளி ஏறும் விதம்) 2.2; வெளிச்சம் 100 நிட் என்பதுபோல. காமா 2.2 என்றால், நடு எண்ணான 128 கொடுத்தால் முழு வெள்ளையில் பாதி ஒளி வராது, சுமார் 22 சதவீதம்தான் வரும். இருட்டுப் பக்கம் நம் கண் நுட்பமாக இருப்பதால் எண்களில் பெரும்பங்கு அந்தப் பக்கத்துக்குப் போகிறது. மானிட்டரில் நீலம் கூடுதலாக இருந்தால் மென்பொருள் கிராபிக்ஸ் கார்டில் ஒரு அட்டவணையை ஏற்றி, நீலத்தின் உச்சத்தை 255இலிருந்து 225க்கு இறக்கும். நிறம் சரியாகும், ஆனால் நீலத்தில் 30 படிகள் போய்விடும். அந்த இழப்பு நீலவானப் படங்களில் பட்டைபட்டையாகத் தெரியும். ஆகவே முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கையால் சரிசெய்துகொண்டு, மிச்சத்தை மட்டும் கார்டுக்கு விடுவது நல்லது. விலை கூடிய புகைப்பட மானிட்டர்களில் இந்த அட்டவணை மானிட்டருக்குள்ளேயே, 14 அல்லது 16 பிட் நுட்பத்தில், அதாவது இன்னும் மிக நுண்ணிய படிகளில் இருக்கும். கூடக் கொடுக்கும் பணத்தில் நியாயமான பகுதி இதுதான் என்பேன்.

அப்புறம் புரொஃபைல். இது எதையும் திருத்தாது. இந்த மானிட்டரின் முழுச் சிவப்பு உண்மையில் எந்தச் சிவப்பு என்று எழுதிவைக்கும், அவ்வளவுதான். எழுதும் முறையை வகுத்தது 1993இல் அமைந்த ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பு. இணையத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கின்றன; நிறவெளி என்றால் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்தது அது. அந்தச் சிவப்பான 255, 0, 0ஐ டிஸ்பிளே பி3 என்ற, இன்னும் அகன்ற நிறவெளி கொண்ட திரையில் அதே சிவப்பாகக் காட்ட, சுமார் 234, 51, 35 அனுப்பவேண்டும். புரொஃபைலைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் அப்படியே செய்கிறது. தெரியாத மென்பொருள் 255, 0, 0ஐயே அனுப்பும். முகங்கள் கன்றிச் சிவக்கும்.

இதனால்தான் அகன்ற நிறவெளி எல்லோருக்கும் வரம் அல்ல. படங்கள் இணையத்துக்கு மட்டும் போகின்றன என்றால், எஸ்ஆர்ஜிபியை ஒழுங்காகக் காட்டும் மானிட்டரில் தலைவலி குறைவு. நல்ல இங்க்ஜெட் பிரிண்டரில் இலைப்பச்சையும் கடலின் நீலப்பச்சையும் முழுசாக வரவேண்டுமென்றால், 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபியைக் கிட்டத்தட்ட முழுதாக அடக்கும் திரை தேவை. விளம்பரத்தில் "100 சதவீதம்" என்று இருந்தால், அது பரப்பளவா அல்லது உண்மையில் அடங்கும் பங்கா என்று பாருங்கள். நிறவெளியை வரைபடத்தில் ஒரு முக்கோணமாகக் காட்டுவார்கள்; பரப்பளவு சமமாக இருந்தும் அந்த முக்கோணம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் சில நிறங்கள் வெளியே நின்றுவிடும்.

ஐபிஎஸ், விஏ, டிஎன், ஓஎல்இடி என்று திரைப் பேனலில் பல வகை உண்டு; இன்றைக்கும் பாதுகாப்பான தேர்வு ஐபிஎஸ்தான். அதன் கறுப்பு சற்று வெளிறியது, கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) 1000க்கு 1 அளவு. ஆனால் தலையை அசைத்தால் நிறம் மாறாது. விஏ பேனலின் கறுப்பு ஆழமானது, ஆனால் நேராகப் பார்க்கும்போது அமுங்கிய நிழல் விவரம் பக்கவாட்டில் நகர்ந்தால் எழுந்து வரும். டிஎன் இந்த வேலைக்கு ஆகாது. ஓஎல்இடி அழகுதான், எடிட்டிங் மெனுக்கள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் அவற்றின் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயம் உண்டு.

வேலை முடிந்ததும் மென்பொருள் டெல்டா இ என்ற பிழை எண்ணைக் காட்டும். சுமார் 1 என்றால் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் வித்தியாசம். சராசரி 2க்குக் கீழே இருந்தால் தாராளம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கலரிமீட்டருக்கு இது எந்த வகைப் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு) என்று சரியாகச் சொல்லவேண்டும். மாற்றிச் சொன்னால் அளவே பிசகும், பிறகு அதே கருவியை வைத்துச் சோதித்தால் 0.5 என்று பெருமையாகக் காட்டும். தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை. எனவே கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் சரிவு ஒன்றை முழுத்திரையில் திறந்து பாருங்கள். நடுவில் எங்காவது ஊதாவோ பச்சையோ எட்டிப்பார்த்தால், எண் என்ன சொன்னாலும் பேக்லைட் வகையைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளப்பதே வழி.