எக்மோவில் எதிரெதிரே ஓடும் இரத்தம்

இதயமும் நுரையீரலும் ஒருசேரத் தளர்ந்துவிட்ட நோயாளிக்குப் பொருத்தப்படும் எக்மோ கருவி, தொடைப் பகுதியின் சிரை வழியாகச் செலுத்திய குழாயால் இரத்தத்தை வெளியே இழுத்து, செயற்கை நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, தொடைத் தமனி வழியாக உடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 லிட்டர் இரத்த ஓட்டம் தேவைப்படலாம்; அந்த அளவை எட்டுவதும் காப்பதும்தான் கடினம்.

பம்பின் சுழற்சியைக் கூட்டினால் ஓட்டமும் கூடிவிடும் என்று தோன்றும். ஆனால், சிரையில் இருப்பதைத்தானே அது இழுக்க முடியும்? நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் மோட்டாரை முடுக்குவதைப் போல, உடலில் இரத்த அளவு குறைந்திருக்கும்போது வேகத்தைக் கூட்டினால், சிரையின் சுவர் குழாய் முனையில் ஒட்டிக்கொள்ள, குழாய் துடித்து நடுங்கும், ஓட்டம் மேலும் சரியும். அப்போது வேகத்தைக் குறைத்துவிட்டு, இரத்தக்கசிவு உள்ளதா, திரவம் போதவில்லையா என்று தேடுவதே முறை.

இதைவிட நுட்பமான சிக்கல் பெருந்தமனியில் எழுகிறது. தொடையிலிருந்து மேல்நோக்கி வரும் பம்பின் இரத்தம், இதயத்திலிருந்து கீழ்நோக்கி வரும் இரத்தத்தை எதிர்கொள்கிறது. பம்ப் வலுவாகத் தள்ளத் தள்ள, நலிந்த இடது கீழறை அந்த அழுத்தத்தை மீறி வால்வைத் திறக்க இயலாமல் திணறுகிறது. உள்ளே தேங்கும் இரத்தம் உறையக்கூடும், நுரையீரலில் நீர் கோக்கவும் கூடும். தமனி அழுத்த அலை தட்டையாவதைக் கண்டால், ஓட்டத்தைச் சற்றுக் குறைப்பது, இதயத்துடிப்பை வலுப்படுத்தும் மருந்து தருவது, கீழறையிலுள்ள இரத்தத்தை வடிக்கத் தனிவழி அமைப்பது ஆகியவற்றுள் பொருந்துவதை மருத்துவர்கள் தேர்கின்றனர்.

வியப்பூட்டும் வகையில், இதயம் தேறத் தொடங்குவதும் ஆபத்தாகலாம். நுரையீரல் இன்னும் பழுதாகவே இருந்தால், ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை இதயமே மூளைக்கும் தனக்கும் அனுப்பிவிடும்; கால்களோ பம்பின் தயவில் செழிப்பாக இருக்கும். பெருந்தமனி வளைவில் இதயத்திற்கு அருகிலுள்ள முதல் கிளையே மூளைக்கும் வலக்கைக்கும் செல்வதால், இரத்தப் பரிசோதனைக்கான மாதிரியை வலது மணிக்கட்டில் எடுக்கிறார்கள். இடக்கையிலோ காலிலோ எடுத்தால் மூளையின் பற்றாக்குறை தெரியாமலே போகக்கூடும்.

கருவியை விலக்கும் கட்டத்தில், எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) படத்தைப் பார்த்தபடியே ஓட்டத்தை நிமிடத்திற்கு 1 முதல் 1.5 லிட்டர் என்ற அளவுக்குப் படிப்படியாகக் குறைத்து இதயத்தைச் சோதிப்பார்கள். மெதுவாக ஓடும் இரத்தம் குழாயில் எளிதில் உறையும் என்பதால், அந்த நிலையில் நெடுநேரம் விடுவதில்லை.