350 எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கும்?

பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்க மசில் கார் கையில் கிடைத்ததும் பலருக்கு முதலில் கண் போவது, காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மேல்தான். 600 இருந்த இடத்தில் 850 வைத்தால் வண்டி பறக்கும் என்று நம்பி மாற்றுகிறார்கள். மாற்றியபின் சிக்னலில் நின்று கிளம்பும்போதே எஞ்சின் திணறுகிறது. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை விடும் என்பதைச் சொல்லும் அந்த எண்ணைக் குதிரைத்திறன் மாதிரி படிப்பதால் வரும் வினை இது.

கார்புரேட்டர் காற்றைத் தள்ளுவதில்லை, இழுப்பது பிஸ்டன். பிஸ்டன் இறங்க, உள்ளே ஓடிவரும் காற்று வென்ச்சுரி என்ற இடுப்பு ஒடுங்கிய குழாயைக் கடக்கிறது. ஒடுக்கத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். கார்புரேட்டருக்குள் மிதவைக் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோலின் மேலோ வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் என்ற நுண்துளை வழியாக ஏற்றிக் காற்றில் தூவுகிறது. காற்று கடக்கும் துளை தேவைக்கு மேல் அகலமாக இருந்தால், குறைந்த சுற்றில் காற்று மெதுவாகவே நகரும். அழுத்தம் போதுமான அளவு இறங்காது, பெட்ரோல் ஏறாது. திணறல் அங்கே பிறக்கிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? செவ்ரோலே 350 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 350 என்பது கன அங்குலக் கொள்ளளவு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். ஒரு சுற்றுக்கு 175. நிமிடத்துக்கு 5,500 சுற்று என்றால் 9,62,500 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம் என்று வகுத்தால் சுமார் 557. அதுவும் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பினால்! சாலையில் ஓடும் எஞ்சின் 85 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் 473 போதும். ஆக, 600 கன அடி கார்புரேட்டரே தாராளம்.

அப்படியானால் 302 கன அங்குலமே உள்ள கமாரோ இசட்/28-க்கு ஆலையிலேயே 780 கன அடி ஹாலி கார்புரேட்டர் ஏன் வந்தது? டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காகப் பிறந்த கார் அது. 7,000 சுற்றைத் தொடும் எஞ்சின். அந்தச் சுற்றில்கூடக் கணக்கு 612-ஐத் தாண்டாது. ஆனாலும் 780 அதில் ஓடியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தக் கார்புரேட்டரில் காற்றுக்கு நான்கு துளைகள்: முன்பக்கம் இரண்டு, கூடுதல் காற்று தேவைப்படும்போது திறக்க பின்பக்கம் இரண்டு. பின்பக்கத் துளைகளுக்குச் செகண்டரி என்று பெயர்; இதில் அவை வெற்றிடத்தால் திறக்கும் வகை. முன் துளைகளில் காற்றோட்டம் பலப்பட்ட பிறகுதான், அந்த வெற்றிடம் டயாஃப்ரம் என்ற சவ்வை இழுத்துப் பின் துளைகளைத் திறக்கும். எஞ்சின் கேட்கும் அளவுக்குத்தான் திறக்கும் என்பதால் சற்றுப் பெரிய கார்புரேட்டரையும் அது மன்னித்துவிடும்.

மெக்கானிக்கல் செகண்டரி மன்னிக்காது. பெடலை மிதித்தால் கம்பி நேராகப் பின் துளைகளை இழுத்துத் திறக்கும். காற்று உடனே பாயும். கனமான பெட்ரோல் பின்தங்கும். அந்த நொடி இடைவெளியை நிரப்பத்தான் ‘டபுள் பம்ப்பர்’ வகையில் பின்பக்கத்துக்கும் தனியாக ஒரு பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எடை குறைந்த, மேனுவல் கியர் உள்ள பந்தய வண்டிக்கு அது பொருந்தும். ஆட்டோமேட்டிக் கியர் போட்ட கனத்த காருக்கு வெற்றிட வகையைத்தான் நான் சொல்வேன்.

என்னை மிகவும் கவர்ந்தது 1965-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். முன் துளைகள் மிகச் சிறியவை, பின் துளைகள் மிகப் பெரியவை. நிதானமாக ஓட்டினால் சிறு துளைகளில் காற்று விரைந்து பெட்ரோல் சீராக இறங்கும். முழுக்க மிதித்தால் பெரும்பாலான வகைகளில் 750 கன அடி வரை திறக்கும்.

வாங்கும் முன் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான்கு துளைக் கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளக்கிறார்கள், இரண்டு துளை வகையை 3 அங்குலத்தில். இந்த வேறுபாடு இரட்டிப்பானால் ஓட்டம் சுமார் 1.41 மடங்கு கூடும். 500 என்று குறித்த இரண்டு துளைக் கார்புரேட்டர், நான்கு துளைக் கணக்கில் சுமார் 354தான்.