கட்டுரை நோட்டில் வருவதெல்லாம் கதைக்கு அல்ல

காலை நாலரைக்கு எழுந்தால் ஐந்தே முக்கால் வரை எனக்கு. அதற்குப் பிறகு பால், குக்கர், இரண்டு டிபன் பாக்ஸ், 7.50 பஸ். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நல்ல நாளாக இருந்தால் 300 சொல் தேறும். இடைத்தேர்வுத் தாள் கட்டு மேஜையில் கிடந்தால் அதுவும் தேறாது. இப்படி அரைகுறையாகவே எட்டு ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதிவிட்டேன். மூன்றும் 13 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக எழுதியவை. வேலை, அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பிள்ளைகளுக்குத் தமிழம்மா. ஊரையும் பள்ளியையும் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்றாவது புத்தகம் வந்தபோது ஒரு வாசகர் சொன்னார்: "நீங்க கொடுத்து வெச்சவங்க மேடம். நாங்க கதையைத் தேடி அலையறோம், உங்களுக்குக் கதை யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வகுப்பறைக்கே வருது." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. அவர் சொன்னது தப்பில்லை. கதை வரத்தான் செய்கிறது. ஆனால் அது எனக்காகவா வருகிறது?

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எழுத வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' என்று ஓர் இதழ் கொண்டுவருகிறது. ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு'. நல்ல இதழ்கள். பிள்ளைகள் எழுதியதும் அதில் வரும், பெயரைப் பார்த்துவிட்டு வகுப்பே கூத்தாடும். பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அத்தனையும் அடைபட்டுப் போகிறது. நூலகப் பாடவேளையைக் கணக்கு சார் கேட்பார், நாமும் கொடுத்துவிடுவோம். முயல், சிங்கம், மந்திரவாதி கதைகளைத் தாண்டிவிட்ட பிள்ளை, பெரியவர்களின் நாவலுக்குள் நுழைய இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் கையில் கிடைப்பது போன் ஒன்றுதான். காதல், அவமானம், பணமில்லாமை, அப்பாவின் குடி, உடம்பு மாறுவது எல்லாம் அடித்துப் பிடித்து வந்து சேரும் வயதும் அதுதான். படிக்க மட்டும் ஒன்றும் இருக்காது. அதற்காக எழுத ஆரம்பித்தேன்.

சரி, பள்ளி நாளுக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு மேல் பிரேயர், பிறகு வருகைப் பதிவு. எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் போட வேண்டும். சிக்னலுக்காக வேப்பமரத்தடி வரைக்கும் போனைத் தூக்கிக்கொண்டு போவேன். பாடம், மாற்றுப் பாடவேளை, நோட்டுத் திருத்தம், மாலையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. இதையெல்லாம் விவரிப்பதில் பயனில்லை, எல்லா ஆசிரியருக்கும் இதே கதைதான்.

விவரிக்க வேண்டியது இடையில் நடப்பவற்றை. பிள்ளைகள் பேசுவது பாட நேரத்தில் அல்ல. சத்துணவு வரிசை நகராமல் நிற்கும்போது, சைக்கிள் ஸ்டாண்டில் செயின் கழன்றதைச் சரிசெய்கிற சாக்கில், வகுப்பு முடிந்து நோட்டுகளை ஸ்டாஃப் ரூமுக்குச் சுமந்து வரும்போது. "அம்மா, ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று தொடங்கும். அந்த நேரத்தில் எனக்குள் இரண்டு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருத்தி தமிழம்மா. இன்னொருத்தி நாலரை மணிக்கு எழுகிறவள். இரண்டாமவளைப் பற்றித்தான் நான் எச்சரிக்க வந்தேன். அவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாவலில் அவள் செய்த வேலை இது. வகுப்பில் ஒரு பையன் முதல் இரண்டு பாடவேளையும் தூங்கி விழுவான். விசாரித்ததில், முகூர்த்த நாட்களில் இரவு சமையல் காண்டிராக்டரிடம் பந்தி பரிமாறப் போகிறான் என்று தெரிந்தது. அவனே சொன்னான், நோட்டு சுமந்து வரும்போது. எனக்கு அவன் மேல் பிரியம் உண்டானது. அந்தப் பிரியத்திலேயே அவனை நாவலில் வைத்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அப்பாவுக்குப் பதில் மாமா என்று போட்டேன். ஒன்றை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சப்பையில்தான் அவன் புத்தகம் கொண்டுவருவான். யாரோ ஒரு மணமக்களின் பெயர் அச்சடித்த பை. இரண்டு மாதத்துக்கொரு முறை பையின் ஜோடி மாறும். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு விவரம் கிடைத்தால் விட மனசு வராது.

புத்தகம் வந்தது. நானே ஐந்து பிரதி பள்ளி நூலகத்துக்குக் கொடுத்தேன், பெருமையோடு. பத்து நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் கேலி செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை வேறு பையோடு வந்தான். அதற்கப்புறம் என் நோட்டுகளைச் சுமக்க அவன் வரவில்லை, வேறொருவன் வந்தான்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். மேலே மஞ்சப்பை என்று எழுதியிருக்கிறேன். அது மஞ்சப்பை அல்ல. அவன் செய்த வேலையும் பந்தி பரிமாறுவது அல்ல. நாவலில் இருந்த விவரமும் இதுவல்ல, ஆகவே நாவலைப் புரட்டித் தேட வேண்டாம். அவன் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், 20 வயது தாண்டிய பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதவும் அனுமதி கேட்டேன். "எழுதுங்கம்மா, ஆனா அதை மட்டும் போடாதீங்க" என்றான். போடவில்லை.

அவன் கற்றுக்கொடுத்த பாடம் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கவில்லை. பெயரை மாற்றினால் ஊருக்குத் தெரியாமல் போகலாம். பிள்ளை பயப்படுவது ஊரைப் பார்த்து அல்ல. பக்கத்து பெஞ்சைப் பார்த்து, தெருவைப் பார்த்து, வீட்டைப் பார்த்து. அந்த மூன்று இடத்திலும் அடையாளம் காட்டிக் கொடுப்பது பெயர் அல்ல, மஞ்சப்பைதான். நம் சட்டத்துக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவில், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்பதோடு நிறுத்தவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எதுவும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது. நாவலாசிரியருக்காக எழுதிய பிரிவுகள் அல்ல இவை. இருந்தாலும் கைப்பிரதியைத் திருத்தும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். எந்த இலக்கணப் புத்தகத்தையும்விட உதவுகிறது.

நாவல் எழுதாத ஆசிரியர்கள் இது தங்களுக்கில்லை என்று நகர்ந்துவிட வேண்டாம். விடைத்தாளில் ஒரு பிள்ளை எழுதிய அசட்டுப் பதிலைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைக்கிறோம். சிரிப்பு எமோஜி நூறு விழுகிறது. கையெழுத்து யாருடையது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, அழுகிற பிள்ளையை வீடியோ எடுத்துப் போடுகிறோம். செருப்பு ஆறு மாதத்தில் அறுந்துவிடும், வீடியோ அறுவதில்லை. நல்ல மனசோடு செய்வதுதான் எல்லாம். நானும் நல்ல மனசோடுதான் செய்தேன்.

"பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டேன்" என்பார்கள். மேல்நிலை வகுப்பில் ஒரு பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு நம் கையில் இருக்கிறது. நன்னடத்தைச் சான்று நம்மிடம் வாங்க வேண்டும். அந்தப் பிள்ளை எப்படி 'வேண்டாம்மா' என்று சொல்லும்? தலையாட்டும், அவ்வளவுதான். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்வரை எந்தப் பிள்ளையிடமும் கதை கேட்பதில்லை, கதைக்கு அனுமதியும் கேட்பதில்லை. பள்ளியை விட்டுப் போய், 18 வயது முடிந்து, என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லாத நிலையில் கேட்டால்தான் அது அனுமதி.

அப்புறம் எதை வைத்து எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். நான் பதினைந்து வயதில் பட்ட அவமானங்கள் ஏழு நாவலுக்குத் தாங்கும். அதை எடுக்கிறேன். பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொள்வது பேச்சை. ஒரு காலத்தில் 'மொக்கை' என்றார்கள், இப்போது 'கிரிஞ்ச்' என்கிறார்கள். அண்ணனும் ப்ரோ, தம்பியும் ப்ரோ, சமயத்தில் தங்கச்சியும் ப்ரோ. இதில் யாருடைய ரகசியமும் இல்லை. எழுதிய பக்கங்களை யார் எழுதியது என்று சொல்லாமல் அவர்களிடமே படிக்கக் கொடுப்பேன். போன வருடம் ஒருவன் படித்துவிட்டு, "அம்மா, இதை எழுதுனவருக்கு வயசு என்ன? எந்தப் பையன் 'நான் மனமுடைந்து போனேன்'னு சொல்லுவான்?" என்றான். "வேற என்ன சொல்லுவான்?" என்றேன். "ஒண்ணும் சொல்ல மாட்டான். போனை நோண்டிக்கிட்டு இருப்பான்." அந்த அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதினேன்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

பத்தாம் வகுப்பில் 'என்னால் மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை கொடுப்போம். முக்கால்வாசிப் பேர் சுற்றுலா போனதை எழுதுவார்கள். 40 நோட்டில் ஒரு நோட்டு வேறு மாதிரி இருக்கும். ஒரு பெண் பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி அல்ல, பல வருடங்களில் நான் பார்த்த சிலரைச் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று வரி எழுதி, பேனாவால் அடித்திருக்கிறாள். அழுத்தி அடித்ததில் அடுத்த பக்கம் வரை தடம் விழுந்திருக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது. தேர்வு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அதை அவள் எழுதியிருந்த விதம் எப்படிப்பட்டது என்று சொன்னால், நீங்களும் என்னைப் போல ஒரு நொடி மலைத்துப் போவீர்கள். சொல்ல மாட்டேன். எனக்கு அன்றைக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல முதல் வரி கிடையாது என்பது. பிறகுதான் அவளுக்குப் பதினைந்து வயது என்பது உறைத்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த மாதிரி நோட்டு கையில் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டக் கூடாது. போனில் படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போடக் கூடாது. பிள்ளையைத் தனியாக, அதே சமயம் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும். எங்களுக்கு வேப்பமரத்தடி இருக்கிறது. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் பிள்ளை நம்மை மட்டுமல்ல, எல்லாப் பெரியவர்களையும் நம்பாமல் போய்விடும். "உனக்கு உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியப்படுத்துவேன்" என்பதே உண்மை. துருவித் துருவிக் கேட்க வேண்டாம். நாம் போலீஸ் இல்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வைத்தால் போதும். எழுத்தாளர்களுக்கு இங்கே கை பரபரக்கும், அழகுபடுத்தத் தோன்றும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது.

பிறகு தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு 1098. குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடியாமல் நடந்தால் அது குழந்தைத் திருமணம். நம் மாநிலத்தில் அதைத் தடுக்க வேண்டிய அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலர். பாலியல் துன்புறுத்தலாக இருந்தால் விஷயம் இன்னும் கண்டிப்பானது. போக்சோ 19ஆம் பிரிவின்படி அது நடந்ததாகவோ நடக்கலாம் என்றோ தெரியவரும் எவரும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது 21ஆம் பிரிவில் குற்றம். தலைமையாசிரியர் காதில் போட்டதோடு நம் கடமை முடிந்துவிடாது. 'குடும்ப விஷயம்', 'பள்ளிக்குக் கெட்ட பெயர்' என்றெல்லாம் சொல்லப்படும். எனக்கும் சொல்லப்பட்டது. ஒருமுறை அதைக் கேட்டு இரண்டு நாள் தாமதித்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில் அந்தக் கட்டுரை எழுதியவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் முதல் பாடவேளைக்கு முன்பே 1098க்குப் போன் செய்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கல்யாணம் நின்றது. வீட்டில் அவளோடு யாரும் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை என்றாள். பொதுத்தேர்வு எழுதினாள். ரிசல்ட் வந்து, பதினொன்றாம் வகுப்பில் சேர வந்த அன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள்.

"அம்மா, என் கட்டுரை நோட்டு உங்ககிட்டதானே இருக்கு?"

பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைத் தேடிப் பிரித்து, ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்தாள். நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள். மிச்ச நோட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, "இதுல எழுதாத பக்கம் நிறைய இருக்கும்மா, யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டு, அட்மிஷன் வரிசைக்குப் போனாள்.