மவுஸ் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்

தரம் 6, 7 பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் வார இறுதிகளில் ஸ்கிராட்ச் என்ற கணினிச் செய்நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். "இது விளையாட்டுத்தானே சேர், உண்மையான கோடிங் எப்ப தொடங்குவியள்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது என்பதுதான் என் பதில்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லாப் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், 8 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்காக உருவானது. இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். வண்ணக் கட்டைகளாக இருக்கும் கட்டளைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். எழுதும் மொழிகளில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டாலே செய்நிரல் ஓடாது, சின்னப் பிள்ளை அதிலேயே களைத்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வருகிற பிழைகள் அநேகமாக யோசனையில் வருகிற பிழைகள்தான். அவற்றைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சதுரம் வரைவது எல்லோருக்கும் வந்துவிடும்: 100 அடி நகர், 90 பாகை திரும்பு, 4 தடவை. அடுத்து சமபக்க முக்கோணம் கேட்பேன். கோணம் 60 பாகை என்று கணிதத்தில் படித்தவர்கள் 60 போடுவார்கள். மூன்று கோடுகளும் வரும், ஆனால் உருவம் மூடாது, பாதி அறுகோணமாக நிற்கும். அந்த நேரம் பக்கத்தில் நிற்கும் பெரியவர் "120 போடு" என்று சொல்லிவிட்டால் பாடம் போச்சு. பிள்ளையை எழுப்பி, நிலத்தில் முக்கோணமாக நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது? முழுச் சுற்று 360, திருப்பம் மூன்று. விளங்கிய பிள்ளை ஐங்கோணத்துக்கு 72 என்று தானே சொல்லும்.

அப்புறம் பனம்பழ விளையாட்டு. மேலிருந்து விழும் பழத்தைக் கடகத்தால் ஏந்தினால் ஒரு புள்ளி. "கடகத்தைத் தொட்டால்" என்ற கட்டையைத் தனியே வைத்தால், தொடக்கப் பொத்தானான பச்சைக்கொடியை அழுத்தியதும் ஒரேயொரு தடவை சோதித்துவிட்டு நின்றுவிடும், புள்ளி ஏறாது. சரி, அதை முடிவில்லாச் சுற்றுக்குள் வைத்தால் ஒரே பழத்துக்குப் பல புள்ளிகள் ஏறும். தொட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சுற்று வினாடிக்கு ஏறத்தாழ 30 தடவை சோதிக்கிறதே! பட்டவுடன் பழத்தை மேலே அனுப்பவேண்டும் என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது வகுப்பே அந்தத் திரையைச் சுற்றி நிற்கும்.

ஆசிரியர்களுக்கு: கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்துச் செய்விக்காதீர்கள். பச்சைக்கொடியை அழுத்துமுன் "என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். கணினி போதாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று போதும், மவுஸ் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கட்டும்.

எழுதும் மொழியான பைத்தனுக்கு எப்போது மாற்றலாம்? தன் செய்நிரலைக் கட்டை கட்டையாக வாய்விட்டு விளக்கக்கூடிய பிள்ளையை மாற்றலாம். மற்றவர்களை அவசரப்படுத்த வேண்டாம்; உயர்தரத்துக்கு இன்னும் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன.