ஏற்காடு ஏறிய பழைய கார் டீக்கடையில் ஏன் மக்கர் செய்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏப்ரல் மாத மதியம், ஐந்து பேரைச் சுமந்துகொண்டு இரண்டாவது கியரிலேயே முனகியபடி ஒரு பழைய அம்பாசடரோ பத்மினியோ மேலே வந்துவிடுகிறது. டீ குடிக்க நிறுத்துகிறார்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. நாலைந்து தடவை பார்த்துவிட்டு அலுத்துப்போய் உட்கார்ந்தால், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று இதை விட்டுவிடக் கூடாது. சூடு ஆறியதும் மறைகிற கோளாறு என்பதே பெரிய துப்பு. வேப்பர் லாக் என்பது இதுதான்: பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, அந்த ஆவியே பின்னால் வரும் பெட்ரோலுக்கு வழி விடாமல் நிற்பது.

பெட்ரோல் குழாயில் கொதிக்குமா என்று தோன்றலாம். கொதிக்கும். தண்ணீர் போல அது ஒற்றைப் பொருள் இல்லை; நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த காலையில் என்ஜின் சட்டென்று பிடிப்பதற்கு அந்த லேசான பகுதிதான் உதவுகிறது. மலையேறிய மதியத்தில் காலை வாருவதும் அதுவேதான்.

சூடு மட்டும் காரணம் இல்லை. அதைவிட முக்கியமானது உறிஞ்சல் என்பேன். கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டிகளில் பெட்ரோல் பம்பு என்ஜினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். பழைய மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயரைச் சுருக்கி வைத்த கம்பெனிப் பெயர் அது. என்ஜினோடு சுற்றும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு பம்பின் நெம்புகோலைத் தட்டத் தட்ட, உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு ஏறி இறங்கும். வண்டியின் பின்கோடியில் இருக்கும் டேங்கிலிருந்து, இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது போல, பெட்ரோலை இழுக்கும். இழுக்கும்போது அந்தக் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். போதாக்குறைக்கு, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு; அங்கே தண்ணீர்கூட 95 டிகிரியில் கொதித்துவிடும். சுடும் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கும் பம்புக்குள் பெட்ரோலின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பெட்ரோலின் லேசான பகுதியில் ஒரு சொட்டு ஆவியானால் சுமார் 200 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த டயாபிரத்துக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. ஆவி அமுங்கும், மறுபடி விரியும், இருந்த இடத்திலேயே இருக்கும். தோட்டத்து மோட்டாரின் ஃபுட் வால்வில் காற்று புகுந்தால், மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தும் தண்ணீர் ஏறாதே, அதே கதை.

ஓடும்போது வராத தொல்லை நின்ற பிறகு ஏன் வருகிறது? ஓடுகிற வரை ஃபேன் காற்றடிக்கும், ரேடியேட்டர் தண்ணீர் சுற்றும், டேங்கிலிருந்து புதிய பெட்ரோல் வந்தபடி இருக்கும். சாவியை அணைத்ததும் மூன்றும் ஒரே நொடியில் நின்றுபோகும். என்ஜின் இரும்பில் தேங்கிய சூடு மட்டும் மேலே கிளம்பி, மூடிய பானட்டுக்குள் புழுங்கும். அதனால் நிறுத்திய பத்து இருபது நிமிடங்களில்தான் பம்பும் கார்பரேட்டரும் மிக அதிகமாகச் சூடாகின்றன. ஒரு டீ, ஒரு வடை ஆகிற நேரம்!

சரி, நின்ற வண்டிக்கு வேப்பர் லாக்தான் என்று எப்படி உறுதி செய்வது? இங்கேதான் பலர் அவசரப்பட்டுப் புது பம்பு, கார்பரேட்டர் கிட் என்று செலவு செய்கிறார்கள். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் நெம்புகோலைக் கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீச்சி அடிக்கவில்லை என்றால், கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு அறையான ஃப்ளோட் சேம்பர் காலி. வேப்பர் லாக்காக இருக்கலாம். பெட்ரோல் சொட்டிக்கொண்டும் நெடி தூக்கிக்கொண்டும் இருந்தால் அது நேர் எதிரான நோய்: சேம்பரில் இருந்த பெட்ரோல் கொதித்து என்ஜினுக்குள் வழிந்திருக்கிறது. அப்போது சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடி) தொடாமல், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டர் அடித்தால் காற்று உள்ளே போய்த் தெளிந்துவிடும். பெட்ரோல் ஒழுங்காகப் பீச்சியும் என்ஜின் பிடிக்கவில்லையா? பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் காயில்கள் உண்டு. பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறியைச் சோதிக்கவே கூடாது, பானட் திறந்து நெடி போன பிறகுதான்.

சேம்பர் காலி என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, சூட்டின் மேல் பழி வேண்டாம். அப்புறம் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். டிரைவர்கள் காலங்காலமாகச் செய்யும் இந்த வைத்தியம் முழுக்க அறிவியல்தான்: ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே பெட்ரோல் ஆவி மறுபடி திரவமாகிறது. துணி போட்டதும் வண்டி பிடித்தால் வேப்பர் லாக்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துகொள்ளலாம். என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடலாம்.

வராமல் தடுக்க, கூலிங் சிஸ்டத்திலிருந்து தொடங்குவதே என் பழக்கம். உப்புப் படிந்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (பொறி தாமதமாக வருவது) இவையெல்லாம் என்ஜினைத் தேவைக்கு மேல் சூடாக்கும். அடுத்து, பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே சூடு கடத்தாத தடித்த ஸ்பேசர் இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுவது இப்போது கட்டாயம். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும், பெட்ரோலோடு சிறிதளவு சேரும்போது கலவை முன்பைவிடச் சுலபமாக ஆவியாகிறது. 10 சதவீதம் வாக்கில் இந்த விளைவு உச்சத்தில் இருக்கும். அதற்குத் தயாரிக்கப்படாத பழைய ரப்பரையும் அது கெடுக்கும். உறிஞ்சு பக்கத்து ஹோஸில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் காற்று புகுந்து, வேப்பர் லாக் போலவே வேடம் போடும்.

இத்தனைக்கும் பிறகும் தொல்லை நின்றபாடில்லை என்றால், டேங்க் பக்கத்தில் குறைந்த அழுத்த மின்சாரப் பம்பு வைப்பதே நிலையான தீர்வு. அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் கொதிக்காது. கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சும் இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் பம்பு டேங்குக்குள்ளேயே இருப்பதால்தான் இந்தத் தொல்லையை நாம் மறந்தே போனோம். ஆனால் இன்ஜெக்ஷன் பம்பை வாங்கி மாட்டிவிடாதீர்கள். அதன் அழுத்தத்துக்குக் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். மின்சாரப் பம்பின் இணைப்பை, என்ஜின் ஆயிலில் அழுத்தம் இருக்கும்வரை மட்டும் மின்சாரம் விடும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். விபத்தில் என்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும், இல்லையென்றால் அறுந்த குழாயிலிருந்து சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும்.