"எந்த ரூட்டுண்ணே?"

கிளினிக்குக்கு வந்தவரின் பதிவுச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கண்டக்டர்' என்று எழுதியிருந்தது. வலது தோள்வலி. ராமநாதபுரத்தில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு பஸ்காரர்கள் நிறைய வருவார்கள். மேல்கம்பியைப் பிடித்துப் பிடித்தே தோளைக் கெடுத்துக்கொண்டவர்கள். "எந்த ரூட்டுண்ணே?" என்றேன். "நான் சர்ச் கொயர் கண்டக்டர் சார், தங்கச்சிமடம் பக்கம்" என்று சிரித்தார். பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று, கையில் குச்சியோடு தாளம் காட்டி நடத்துபவர்.

"குச்சி என்ன பெரிய வெயிட்டா? அதுக்கா வலிக்குது?" என்பது அவர் கேள்வி. குச்சி சில கிராம்தான். ஆனால் ஒரு முழுக்கை உடல் எடையில் சுமார் 5 சதவீதம் இருக்கும். 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. வலை இழுப்பவர்கூட இழுத்து முடித்ததும் கையைத் தொங்கப்போட்டு ஆற்றிக்கொள்வார். புனித வார ஒத்திகையில் இந்தக் கொயர் மாஸ்டர் இரண்டு மணி நேரம் கையை இறக்குவதே இல்லை.

கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னேன். 60 டிகிரி வரை முகத்தில் மாற்றமில்லை. அங்கிருந்து 120 வரை பல்லைக் கடித்தார். அதற்கு மேல் போனதும் மறுபடி லேசாகிவிட்டது. தோள் எலும்புக்கு அடியில் குறுகிய சந்து ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் தசைநாண் நசுங்கினால் வலி இப்படித்தான் வரும். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி தூக்கினால் அந்தச் சந்து இன்னும் நெருங்கும். கொயர் நடத்துபவர்கள் பெரும்பாலும் அப்படித்தானே தூக்குகிறார்கள்! நடுவில் யாரிடமோ சுளுக்கு எடுக்கப் போய் வலியைக் கூட்டிக்கொண்டும் வந்திருந்தார்.

ஏன் இவ்வளவு உயரம் தூக்குகிறார்? முன்வரிசைப் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், பின்வரிசைக்குக் கை தெரிவதில்லை. ஆப்பரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தின் நடத்துனர்களுக்கும் இதே பாடுதான். வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே பள்ளத்தில், பாடகர்கள் மேலே. இரண்டு பக்கமும் தெரிய வேண்டுமென்றால் கை ஏறத்தான் செய்யும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பரா என்றால் நான்கைந்து மணி நேரம்.

அதற்காக இந்தத் தொழில் தோளைத் தின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். புகழ்பெற்ற நடத்துனர் ஃபிரிட்ஸ் ரைனர் சின்னஞ்சிறு அசைவிலேயே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். 1927-இல் பிறந்த இன்னொரு நடத்துனர் ஹெர்பர்ட் பிளோம்ஸ்டெட் 95 வயதைத் தாண்டியும் உட்கார்ந்தபடி நடத்தினார்.

மாஸ்டருக்குச் சர்க்கரையும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். வலிக்கிறதென்று கையை மடியிலேயே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். 1687-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் லுல்லி தாளத்துக்காகத் தரையில் தட்டிய தடி தன் காலிலேயே பட்டு, புண் அழுகி இறந்த கதையைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மனுஷன் தோளை மறந்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சரி, அதுவும் நல்லதுதான்.

இன்னொன்று. இடது தோள்வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் என்னிடம் வராதீர்கள். நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இத்தாலிய நடத்துனர் சினோபொலி 2001-இல் பெர்லினில் ஆப்பரா நடத்திக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்தார். அப்போது வயது 54.

மாஸ்டருக்கு ரப்பர் பட்டையில் தோள்பட்டைப் பயிற்சி கொடுத்தேன். ஒத்திகையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கப்போடச் சொன்னேன். அப்புறம் சர்ச் மூலையில் கிடந்த அரையடி உயர மரப்பலகையில் ஏறி நிற்கச் சொன்னேன். ஈஸ்டர் முடிந்து வந்தார். வலி பாதி குறைந்திருந்தது. "பலகைல ஏறினதும் பின்வரிசைல கீழ்க்குரல் பேஸ் பாடுற பயலுக சொல்றானுங்க சார், 'இத்தனை வருஷத்துல இப்பத்தான் மாஸ்டர் உங்க கை தெரியுது'ன்னு."